பன்னிரண்டு பேருடன் யூட்டா செம்பாறை நாட்டுக்கு: மோவாபா, ஸயானா, வேறு இடமா?

மூன்று நான்கு குடும்பங்களோ அலுவலக நண்பர்களோ சேர்ந்து, வெள்ளி முதல் ஞாயிறு வரை தெற்கு யூட்டாவின் செம்பாறைப் பள்ளத்தாக்குகளுக்குப் போகலாம் என்று பேச்செடுத்ததும் வாட்ஸ்அப் குழுவில் படங்கள் குவிய ஆரம்பித்துவிடும். எந்தப் படத்துக்கு அதிக லைக் விழுகிறதோ அந்த ஊருக்கு டிக்கெட் போடப்படும். இரண்டு பேர் போவதென்றால் இப்படித் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. பத்துப் பன்னிரண்டு பேர் என்றால் கெட்டுப்போகும். அந்தக் கூட்டத்தில் பத்து மைல் சளைக்காமல் நடப்பவரும் இருப்பார், ஒரு மைலிலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருபவரும் இருப்பார். ஆறு வயதுக் குழந்தை இருக்கலாம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவும் இருக்கலாம்.

அதனால் எந்த இடம் அழகு என்று கேட்பதில் பயனில்லை, எல்லாமே அழகுதான். கேட்க வேண்டியது இதுதான்: காலையில் இரண்டு மூன்றாகப் பிரிந்து போகிற குழு, மாலையில் ஒரே அடுப்பைச் சுற்றிக் கூட முடியுமா? மோவாப், ஸயான் தேசியப் பூங்கா, சான் ரஃபேல் ஸ்வெல், எஸ்கலான்டே ஆகிய நான்கையும் இந்தக் கேள்வியை வைத்தே இங்கே எடைபோடுகிறோம். தூரங்களை அங்குள்ள வழிப்பலகைகளில் இருப்பதுபோல மைலிலேயே தந்திருக்கிறோம்.

முதலில் தூரத்தைப் பாருங்கள்

சால்ட் லேக் சிட்டி விமான நிலையத்திலிருந்து மோவாபுக்கு சுமார் 235 மைல், நான்கு மணி நேரம். டென்வரிலிருந்து வந்தால் ஆறு மணி நேரம் பிடிக்கும். ஸயான் வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேல் ஊருக்கு லாஸ் வேகஸிலிருந்து 160 மைல்தான், மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் நெவாடாவிலிருந்து யூட்டாவுக்குள் நுழையும்போது கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடிவிடும். வெள்ளி மாலை ஐந்து மணிக்கு வேகஸில் இறங்குகிற குழு, காரை எடுத்து, வழியில் சாப்பிட்டு, ஸ்பிரிங்டேல் போய்ச் சேர இரவு பத்தரையைத் தாண்டும். இருட்டில் முதல்முறையாகக் கூடாரம் அடிப்பது குழுவின் பொறுமையை முதல் நாளே தின்றுவிடும்.

ஸ்வெல் பகுதியின் தென்கிழக்கு ஓரத்தில் இருக்கும் காப்ளின் வேலி, சால்ட் லேக்கிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள். எஸ்கலான்டே எந்தப் பெரிய விமான நிலையத்திலிருந்தும் ஐந்து மணி நேரம். மோவாபுக்கும் ஸயானுக்கும் இடையே ஐந்தரை மணி நேர ஓட்டம் இருக்கிறது. ‘இரண்டையும் ஒரே வாரக்கடைசியில் பார்த்துவிடலாம்’ என்று குழுவில் யாராவது கட்டாயம் சொல்வார். அந்த யோசனையை அப்போதே நிறுத்திவிடுங்கள். மூன்று நாளில் ஒரு நாள் முழுக்கக் காருக்குள்ளேயே போய்விடும்.

பருவத்தைப் பொறுத்தவரை நான்கு இடங்களுக்கும் ஒரே விடைதான்: ஏப்ரல் முதல் மே நடுப்பகுதி வரை, அல்லது செப்டம்பர் பிற்பாதி முதல் அக்டோபர் முடியும்வரை. கோடையில் மோவாப் 38 டிகிரி செல்சியஸைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை பிற்பகல் இடிமழையும் சேர்ந்துகொள்ளும். அக்டோபரில் பகல் 23 டிகிரி, இரவு 5 டிகிரி என்ற கணக்கில் இருக்கும். பகல் வெயிலை நம்பி மெல்லிய போர்வையோடு வருபவர்தான் விடிகாலை மூன்று மணிக்குக் காருக்குள் போய் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்காருவார்.

மோவாப்: பிரிந்து போகவும் சேர்ந்து வரவும்

கலவையான குழுவுக்கு எங்கள் தேர்வு மோவாப். கொலராடோ ஆற்றங்கரையில் இருக்கும் இந்தச் சிற்றூரிலிருந்து ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவின் வாசல் ஐந்து மைல். கேனியன்லாண்ட்ஸ் பூங்காவின் ‘ஐலண்ட் இன் த ஸ்கை’ பகுதியும், அதன் பக்கத்திலேயே இருக்கும் டெட் ஹார்ஸ் பாயிண்ட் மாநிலப் பூங்காவும் சுமார் 32 மைல். ராஃப்டிங் (ரப்பர் படகில் ஆற்றோட்டத்தோடு போவது) நடக்கும் ஆற்றுப்பகுதி அரை மணி முதல் முக்கால் மணி நேர ஓட்டத்தில் இருக்கிறது. நன்றாக நடக்கக்கூடிய நான்கு பேர் டெவில்ஸ் கார்டனில் கரடுமுரடான பழைய பாதையையும் சேர்த்து எட்டு மைல் சுற்றை முடிக்கலாம். ஐந்து பேர் அரை நாள் ராஃப்டில் ஏறலாம். மீதிப் பேர் டெட் ஹார்ஸ் பாயிண்டில், 2,000 அடிக்குக் கீழே ஆறு வளைந்து திரும்புவதைக் கைப்பிடிச்சுவர் ஓரமாக நின்று பார்க்கலாம். ஐந்து மணிக்கெல்லாம் எல்லோரும் முகாமில் இருப்பார்கள்.

குழு பிரிந்தாலும் ஒன்றாகவே இருப்பது எப்படி என்பதற்கு டெலிகேட் ஆர்ச் என்ற இயற்கைப் பாறை வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். வுல்ஃப் ராஞ்ச் நிறுத்துமிடத்திலிருந்து போய்வர மூன்று மைல், 480 அடி ஏற்றம். பாதையில் நிழல் என்பதே கிடையாது. நடுவில் வழவழப்பான வெறும் பாறைச் சரிவில், குவித்து வைத்த கல் அடையாளங்களைப் பார்த்து ஏற வேண்டும். கடைசி 200 கெஜம் பாறை விளிம்பைக் குடைந்த அகலம் குறைந்த பாதை. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் பள்ளம். உயர பயம் உள்ளவர்கள் தயங்கி நிற்பது இந்த இடத்தில்தான். இந்த ஏற்றம் வேண்டாம் என்பவர்கள் அதே சாலையில் இன்னும் ஒரு மைல் காரில் போனால் கீழ்ப் பார்வைமுனை வரும். நிறுத்துமிடத்திலிருந்து நூறு கெஜம் சமதரைதான், சக்கர நாற்காலிகூடப் போகும். வளைவு தூரத்தில் சிறிதாகத் தெரியும், ஒரு பைனாகுலர் இருந்தால் மேலே ஏறிப் போனவர்கள் கை அசைப்பதைப் பார்க்கலாம். சூரியன் மறையும் நேரத்துக்கு மேலே போகிற ஒவ்வொருவரிடமும் தலைவிளக்கு இருக்க வேண்டும். போன் டார்ச் போதாது. கை இரண்டும் காலியாக இருந்தால்தான் இருட்டில் அந்தச் சரிவில் இறங்க முடியும்.

ஆர்ச்சஸுக்குள் நுழைவதில் ஒரு சிக்கல் உண்டு. 2022 முதல் சில ஆண்டுகளாக, கூட்டம் மிகுந்த மாதங்களில் நேரம் குறித்த முன்பதிவு இல்லாமல் பகல் நேரத்தில் கார்களை உள்ளே விடவில்லை. இந்த விதி ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது. தேதி குறிக்கும் முன் பூங்காவின் இணையதளத்தில் அந்த ஆண்டு என்ன விதி என்று பார்த்துவிடுங்கள். முன்பதிவு தேவையில்லாத ஆண்டானாலும் எட்டு மணிக்குள் வாசலைத் தாண்டிவிடுவது நல்லது. மூன்று கார்களில் போகிற குழுவுக்கு ஒரே இடத்தில் மூன்று காலி நிறுத்துமிடம் கிடைக்க வேண்டுமே.

ஆற்றில் எந்தப் பகுதி என்பதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. கலவையான குழுவுக்கு 128ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி ஓடும் ஃபிஷர் டவர்ஸ் பகுதிதான் சரி. சின்னச் சின்னச் சுழிப்புகள், நடுநடுவே அமைதியான நீர், தலைக்கு மேலே செங்குத்தான சிவப்புச் சுவர். மே, ஜூனில் மலைப்பனி உருகிவரும் தண்ணீர் படகை வேகமாகத் தள்ளிக்கொண்டு போகும். அக்டோபரில் நீர் குறைந்து, படகு நகர நீங்களும் துடுப்புப் போட வேண்டியிருக்கும். அப்போது இளைஞர்களுக்கு ஒற்றை ஆள் ரப்பர் கயாக் கேட்டு வாங்குங்கள், அதில்தான் விறுவிறுப்பு. மாநில எல்லைப் பக்கம் இருக்கும் வெஸ்ட்வாட்டர் கேனியன் வேறு ரகம்: மூன்றாம் நான்காம் நிலைச் சுழிப்புகள் (நிலை கூடக் கூட ஆபத்தும் கூடும்), சொந்தப் படகில் போக முன்கூட்டியே அனுமதி. நீச்சல் தெரியாத ஒருவர் இருந்தாலும் குழுவை அங்கே அழைத்துப் போகாதீர்கள்.

சைக்கிள் ஆசை உள்ளவர்கள் எடுத்த எடுப்பில் சொல்லும் பெயர் ஸ்லிக்ராக் டிரெயில். பத்தரை மைல் சுற்று, முழுக்க முழுக்கப் பாறை. உப்புத்தாள் போன்ற அந்த மணற்பாறை டயரை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், விழுந்தால் தோலையும் உரித்துவிடும். மலைச்சைக்கிளில் பழக்கமில்லாதவர்களுக்கு டெட் ஹார்ஸ் பாயிண்டின் இன்ட்ரெபிட் பாதைகள் போதும். விளிம்பை ஒட்டியே போவதால் காட்சிக்கும் குறைவில்லை.

ஒரு எச்சரிக்கை. ஈஸ்டருக்கு முந்தைய வாரம் முழுவதும் மோவாபில் ஈஸ்டர் ஜீப் சஃபாரி என்ற ஜீப் ஓட்டத் திருவிழா நடக்கும். அக்டோபர் நடுவில் யூட்டா பள்ளிகளுக்கு விடுமுறை வரும். இந்த இரண்டு சமயத்திலும் ஊரில் கால் வைக்க இடமிருக்காது.

முகாமா, வீடா?

மோவாப் என்று முடிவானால் அடுத்த கேள்வி இது. 128ஆம் நெடுஞ்சாலையில் ஆற்றை ஒட்டியே நில மேலாண்மைத் துறையின் முகாம்கள் வரிசையாக இருக்கின்றன: கூஸ் ஐலண்ட், கிராண்ட்ஸ்டாஃப், பிக் பெண்ட், ஹிட்டில் பாட்டம். தனி இடங்கள் முதலில் வருபவருக்கே. ஒரு தனி இடத்தில் அதிகபட்சம் பத்துப் பேர், இரண்டு வண்டிகள். பன்னிரண்டு பேர் மூன்று காரில் வந்தால் விதிப்படி இரண்டு இடம் பிடிக்க வேண்டும். பருவத்தில் வெள்ளி மதியத்துக்குள் எல்லாம் நிரம்பிவிடும், அடுத்தடுத்து இரண்டு இடம் என்பது அதிர்ஷ்டம். ஆகவே குழு முகாமிடத்தை ரிக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள். கூஸ் ஐலண்டிலும் பிக் பெண்டிலும் அப்படிப்பட்ட குழு இடங்கள் உண்டு. அது கிடைக்கவில்லையென்றால் தேதியை மாற்றுங்கள். ‘போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று கிளம்பாதீர்கள்.

இந்த முகாம்களில் கழிப்பறை இருக்கிறது, குடிநீர்க் குழாய் கிடையாது. சுள்ளி பொறுக்கக் கூடாது, விறகை வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். குழந்தைகளும் வயதானவர்களும் சேர்ந்து மொத்தத்தில் பாதிக்கு மேல் இருந்தால் ஊருக்குள் வீடு எடுப்பதே நல்லது. விடுமுறை நாட்களில் வீட்டு வாடகை எகிறும்தான், ஆனாலும் இரவுக் குளிரில் ஒரு குழந்தை அழுதால் பன்னிரண்டு பேரும் விழித்திருக்க வேண்டிவரும். பாதிப் பேர் வீட்டில், பாதிப் பேர் கூடாரத்தில் என்று பிரிப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரும் வீட்டுக்கு நகர்ந்துவிடுவார்கள். கூடாரக்காரர்களுக்கு ஒவ்வொரு வேளையும் இருபது நிமிட ஓட்டம்தான் மிஞ்சும்.

கூடாரம் அடிப்பவர்கள் கவனிக்க: ஆற்றோர மணலில் வழக்கமான மெல்லிய முளை நிற்காது. வசந்த காலத்துப் பிற்பகல் காற்று ஒரே இழுப்பில் பிடுங்கிவிடும். கயிற்றை ஒரு கட்டையிலோ மணல் நிரப்பிய துணிப்பையிலோ கட்டி, ஓரடி ஆழத்தில் குறுக்காகப் புதைத்து, மேலே மணலை மிதித்து இறுக்குங்கள். பகலில் வெளியே போகும்போது கூடாரத்தை வெறுமையாக விடாமல் நான்கு மூலையிலும் கனமான பைகளை வையுங்கள். வாசல் ஜிப்பில் மணல் ஏறி மாட்டிக்கொண்டால் இழுத்துப் பிய்க்க வேண்டாம். பழைய பல்துலக்கும் பிரஷால் பல்வரிசையைத் தட்டிவிட்டால் ஓடும்.

ஸயான்: ஒரே வேகக்காரர்களுக்கு

ஸயானிலும் குழு பிரிந்து கூட முடியும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மார்ச் முதல் நவம்பர் வரை பள்ளத்தாக்குச் சாலையில் சொந்தக் கார்களுக்கு அனுமதியில்லை, இலவச ஷட்டில் பஸ்தான். களைத்தவர் யாரையும் எதிர்பார்க்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம். கடைசி நிறுத்தமான டெம்பிள் ஆஃப் சினவாவாவிலிருந்து ஒரு மைல் நீளத்துக்குத் தளம் போட்ட ரிவர்சைட் வாக் இருக்கிறது, அதில் குழந்தை வண்டிகூடப் போகும். அது முடியும் இடத்தில் ஆற்றுக்குள் இறங்கினால் நேரோஸ். குழுவின் ஒரு பாதி அங்கேயே கரையில் நிற்க, மறு பாதி இரண்டு சுவர்களுக்கு நடுவே தண்ணீரில் நடந்து போகும்.

சிக்கல் என்னவென்றால், ஸயானில் எல்லோரும் மனத்தில் வைத்துக்கொண்டு வருகிற இரண்டு நடைகளுமே உங்கள் கையில் இல்லை. ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற பாறை முகட்டில் சங்கிலியைப் பிடித்து ஏறும் பகுதிக்கு 2022 ஏப்ரல் முதல் குலுக்கல் முறையில்தான் அனுமதி. ஒரு விண்ணப்பத்தில் ஆறு பேர் வரைதான். பன்னிரண்டு பேருக்கு இரண்டு விண்ணப்பம் போட்டால் ஒன்று விழுந்து இன்னொன்று விழாமல் போகலாம். குழுவுக்குள் மனக்கசப்பு வருவதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

நேரோஸில் கீழிருந்து மேலே பிக் ஸ்பிரிங் வரை போய்வரும் பத்து மைலுக்கு முன்பதிவு வேண்டாம். ஆனால் ஆற்றின் ஓட்டம் நொடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் மூடிவிடுவார்கள். வசந்த காலத்தில் பனி உருகும்போது வாரக்கணக்கில் மூடியிருப்பது சகஜம். ஆகவே நேரோஸுக்காகப் போகிற குழு இலையுதிர் காலத்தில் போகட்டும். அப்போதும் தண்ணீர் சில்லென்றிருக்கும். ஸ்பிரிங்டேல் கடைகளில் மூடிய காலணி, நியோப்ரீன் உறை, தோளுயரக் கட்டை மூன்றையும் வாடகைக்கு எடுங்கள். கட்டையை மட்டும் யாரும் தவிர்க்கக் கூடாது. ஆற்றின் அடியில் உருண்டைக் கற்கள், நீரோ கலங்கல். கால் வைக்கும் முன் கட்டையால் தொட்டுப் பார்த்தே வைக்க வேண்டும். பாதிப் பேருக்கு மட்டும் உபகரணம் எடுத்தால், எடுக்காதவர்கள் அரை மணியில் நடுங்க ஆரம்பிக்க, மொத்தக் குழுவும் திரும்ப நேரும்.

இன்னொன்று எண்ணிக்கை. ஸயானின் வனப்பகுதிப் பாதைகளில் ஒரு குழுவுக்கு 12 பேர்தான் உச்சவரம்பு. பதினான்கு பேராக வந்துவிட்டு, ஒரே பாதையில் ஒரே நாளில் ‘நாங்கள் இரண்டு குழு’ என்று சொல்வதையும் விதி ஏற்காது.

செலவிலும் 2026 முதல் ஒரு வேறுபாடு வந்திருக்கிறது. ஸயான் உட்பட 11 பெரிய பூங்காக்களில், அமெரிக்காவில் வசிக்காத, 16 வயது நிரம்பியவர்களுக்கு வழக்கமான நுழைவுக் கட்டணத்துக்கு மேல் ஆளுக்கு 100 டாலர். ஆர்ச்சஸும் கேனியன்லாண்ட்ஸும் அந்தப் பட்டியலில் இல்லை. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்திருக்கும் பெற்றோரை அழைத்துப் போகிற குடும்பங்களுக்கு இது சின்னத் தொகை அல்ல. நான்கு பெரியவர்கள் என்றால் 400 டாலர். அமெரிக்காவில் வசிப்பவர்கள் அதைக் காட்டும் அரசு அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் நடப்பவர்கள், வேகஸ் வழியாக வருகிறார்கள், எட்டுப் பேருக்கு மேல் இல்லை: இப்படிப்பட்ட குழுவுக்கு அக்டோபர் ஸயானை நாங்கள் மோவாபுக்கு முன்னால் வைப்போம்.

சான் ரஃபேல் ஸ்வெல்: சிறு குழந்தைகளோடு

விளம்பரமில்லாத இடம். காப்ளின் வேலி மாநிலப் பூங்காவில் காளான் வடிவப் பாறைகள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே குறித்த பாதையே கிடையாது, குழந்தைகள் இஷ்டத்துக்கு ஓடலாம். பூங்கா முகாமில் குடிநீரும் குளியலறையும் உண்டு, இந்தப் பாலைநிலத்தில் அது பெரிய வசதி. பக்கத்திலேயே லிட்டில் வைல்ட் ஹார்ஸ் கேனியன். கயிறு எதுவும் இல்லாமல், தோளை உரசும் குறுகலான பாறை இடுக்குக்குள் நடக்க நாடெங்கும் தேடினாலும் இதைவிட எளிய இடம் கிடைப்பது அரிது. பெல் கேனியனையும் சேர்த்து எட்டு மைல் சுற்று. குழந்தைகள் இருந்தால் சுற்றாமல், லிட்டில் வைல்ட் ஹார்ஸில் ஒரு மணி நேரம் உள்ளே போய் அதே வழியில் திரும்புங்கள், நல்ல பகுதி அதிலேயே வந்துவிடும். ஆரம்பத்தில் ஒரு சின்னப் பாறைத் தடுப்பைச் சுற்றி ஏறியதும் பாதை பிரியும். இடப்பக்கம் பெல், வலப்பக்கம் லிட்டில் வைல்ட் ஹார்ஸ். பேசிக்கொண்டே போகிற குழுக்கள் வலப்பக்க வாயைக் கவனிக்காமல் பெல்லுக்குள் போய்விடுவதுண்டு.

குறை: இரண்டாம் நாளுக்கு மேல் தாங்காது, ஆறும் கடைத்தெருவும் இல்லை. பெட்ரோலுக்கும் பாலுக்கும் ஹாங்க்ஸ்வில்லோ கிரீன் ரிவரோதான்.

எஸ்கலான்டே: பழகியவர்களுக்கு மட்டும்

நான்கில் மனத்தை அதிகம் கொள்ளைகொள்ளும் இடம் இதுதான் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் முதல்முறைக் குழுவுக்கு வேண்டாம் என்கிறோம். பீக்-அ-பூ, ஸ்பூக்கி ஆகிய இரண்டு புகழ்பெற்ற இடுக்குகளுக்கும் ஹோல்-இன்-த-ராக் சாலையில் 26 மைல் மண்பாதை. தகரக்கூரை வரிபோல மேடுபள்ளமாக இருக்கும் அந்தச் சாலையில் காரின் ஒவ்வொரு திருகாணியும் ஆடும். மழை பெய்தால் களிமண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு நகரவிடாது. வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மண்பாதையில் ஓட்டுவதற்குக் காப்பீடு தருவதில்லை, எடுக்கும் முன் படித்துப் பாருங்கள்.

பீக்-அ-பூவின் வாசலே பத்தடிக்கு மேல் உயரமான பாறைச்சுவர், வெட்டிய படிக்குழிகளில் கால் வைத்து ஏற வேண்டும். ஸ்பூக்கி சில இடங்களில் பத்து அங்குலம்தான் இருக்கும். முதுகுப்பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர வேண்டும். உடல் பருமன் உள்ளவர் போக முடியாது. உள்ளே போய் மாட்டிக்கொண்ட பிறகு பின்னால் வரும் பத்துப் பேரும் பின்வாங்குவது எல்லோருக்கும் துன்பம். பீக்-அ-பூவில் ஏறி ஸ்பூக்கியில் இறங்குவதே வழக்கமான திசை. எதிர்த்திசையில் வந்தால் நடு இடுக்கில் இன்னொரு குழு முட்டும். பிரிந்து போகவும் வழியில்லை: வராதவர்கள் வெயிலில் காரில் காத்திருக்க வேண்டியதுதான். குழுவில் நான்கு பேர் ஏற்கெனவே இப்படிப்பட்ட இடங்களில் நடந்தவர்களாகவும், தரைஉயரம் அதிகமான சொந்த வண்டிகளோடும் இருந்தால் யோசிக்கலாம்.

மழை

எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தப் பகுதியை மட்டும் குழுவில் எல்லோரும் படித்துவிட வேண்டும். வெறும் பாறை தண்ணீரை உறிஞ்சாது. பத்து மைலுக்கு அப்பால் பெய்யும் மழை முழுவதும் வழிந்து, நீங்கள் நிற்கிற இடுக்குக்குத்தான் வரும். உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாகவே இருக்கும். 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டிலோப் கேனியனில் 11 பேரை அடித்துச் சென்றது அப்படித் தூரத்தில் பெய்த மழைதான். 2015 செப்டம்பர் 14 அன்று ஸயானின் கீஹோல் கேனியனில் ஏழு பேர் கொண்ட குழு முழுவதும் இறந்தது.

தேசிய வானிலைச் சேவை இந்தப் பகுதிகளுக்குத் திடீர் வெள்ள வாய்ப்பை நான்கு படிகளில் தினமும் வெளியிடுகிறது: எதிர்பார்க்கவில்லை, சாத்தியம், அநேகமாக, எதிர்பார்க்கிறோம். அனுபவசாலிகள் ‘சாத்தியம்’ நாளில் போவதுண்டு. குழுவுக்கு எங்கள் விதி கண்டிப்பானது: முதல் படியைத் தவிர வேறு எதுவானாலும் இடுக்குக்குள் யாரும் போவதில்லை. பன்னிரண்டு பேர் ஒரே சமயத்தில் மேட்டில் ஏற முடியாது, கடைசி ஆள் ஏற எவ்வளவு நேரமாகும் என்பதுதான் கணக்கு. உள்ளே இருக்கும்போது நீர் திடீரெனக் கலங்கினாலோ, சுள்ளிகள் மிதந்து வந்தாலோ, மேலிருந்து இரைச்சல் கேட்டாலோ வெளியே ஓடப் பார்க்காதீர்கள், உயரே ஏறுங்கள். சாலையின் குறுக்கே நீர் ஓடினால் காரை இறக்காதீர்கள். ஓரடித் தண்ணீர் சின்னக் காரை மிதக்க வைத்துவிடும். நனைந்த மணற்பாறை வலுவிழந்து உடையும், ஆகவே மழைக்கு மறுநாளும் பாறையேற்றம் கூடாது.

மழைநாளில் எந்த இடம் கைகொடுக்கும் என்று பார்த்தாலும் மோவாப்தான் முன்னே நிற்கிறது. இடியில்லாத தூறலில் ராஃப்டிங் நடக்கும், 128ஆம் நெடுஞ்சாலையில் காரிலேயே போய்வரலாம், ஊருக்குள் அருங்காட்சியகமும் உண்டு. எஸ்கலான்டேயில் மழை பெய்தால் அறைக்குள் உட்கார வேண்டியதுதான்.

தண்ணீர், அடுப்பு, கால் வைக்கும் இடம்

குடிக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், சமைக்கவும் கழுவவும் 2 லிட்டர். பன்னிரண்டு பேருக்கு மூன்று நாளுக்கு 216 லிட்டர். 26 லிட்டர் கேன் என்றால் ஒன்பது வேண்டும். மோவாபில் ஐந்து கேன் போதும், சனிக்கிழமை ஊருக்குள் போய் மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். எஸ்கலான்டேயின் மண்பாதைக்குள் இரவு தங்குவதென்றால் ஒன்பதும் கூடவே போக வேண்டும். காரில் கேனைப் படுக்கவைக்காதீர்கள், குழாய் முனையில் கசிந்து படுக்கைகளை நனைத்துவிடும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தாலும் தலைசுற்றும், உப்பு உள்ளே போக வேண்டும். முறுக்கும் ஊறுகாயும் புளிசாதமும் இதற்கு நன்றாகவே உதவும்.

இரண்டு பர்னர் அடுப்பும் ஒரு பவுண்டு புரோப்பேன் சிலிண்டர்களும் எடுத்துக்கொண்டால், முழுச் சூட்டில் ஒரு பர்னர் ஒரு சிலிண்டரில் சுமார் இரண்டு மணி நேரம் எரியும். நான்கு வேளைச் சமையலுக்கு வேளைக்கு ஒன்று, காற்றுக்கும் குளிருக்கும் கூடுதலாக இரண்டு, ஆக ஆறு. மோவாப் 4,000 அடி உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக வெகுநேரம் ஆகும். ஐந்து லிட்டர் குக்கர் ஒன்றைக் கட்டாயம் எடுத்துவையுங்கள்.

பாதையை விட்டு விலகும் இடங்களில் மண்ணைக் கவனியுங்கள். கறுத்து, கருகிய அப்பளம்போலப் பொரிந்து நிற்கும் மேல்தோல் தெரியும். அது உயிருள்ளது. பாசிகளும் நுண்ணுயிர்களும் சேர்ந்து மணலைக் கட்டிப் பிடித்திருப்பதால்தான் காற்றில் நிலம் பறக்காமல் இருக்கிறது. ஒரு காலடி ஆற பல பத்தாண்டுகள் ஆகும், பன்னிரண்டு பேரின் காலடி ஒரு புதிய பாதையையே போட்டுவிடும். பாறைமேல் நடங்கள், அல்லது மழைநீர் ஓடிக் காய்ந்த மணல் தடத்தில் நடங்கள். குழந்தைகளிடம் முதல் நாளே மண்டியிட்டு உட்கார்ந்து அருகில் காட்டிவிட்டால் அவர்களே பிறகு பெரியவர்களை அதட்டுவார்கள்.

எதை முதலில் பதிவு செய்வது

தங்குமிடம் முதலில், ஆறு மாதத்துக்கு முன்பே. அடுத்தது ராஃப்டிங். படகு ஒன்றில் ஆறேழு பேர்தான் ஏறுவார்கள், இரண்டு படகும் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும் என்று சொல்லி எழுத்தில் வாங்குங்கள். பூங்கா அனுமதிகள் அதன் பிறகு. மோவாபில் ஆர்ச்சஸ், கேனியன்லாண்ட்ஸ் இரண்டுக்கும் போவதென்றால் வண்டிக்கு 30, 30 என்று தனித்தனியாகக் கொடுப்பதைவிட 55 டாலர் வட்டார ஆண்டுச் சீட்டு லாபம்.

பணத்தை ஒருவர் கையிலும் சமையலை இன்னொருவர் கையிலும் கொடுங்கள். மூன்றாவது ஒருவர் வானிலையைப் பார்த்து ‘இன்று இடுக்குக்குள் போகவில்லை’ என்று சொல்லும் பொறுப்பை ஏற்கட்டும். அவர் சொன்னால் வாக்கெடுப்பு கிடையாது என்பதைக் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். போன் சிக்னல் பெரும்பாலான இடங்களில் இருக்காது. பிரிந்து போகும் ஒவ்வொரு பிரிவிலும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியோ போனோ ஒன்று இருக்கட்டும். திரும்பும் நேரத்தை ஒரு தாளில் எழுதி முகாம் மேசையில் கல் வைத்துவிட்டுப் போங்கள். அந்த நேரத்துக்கு மேல் இரண்டு மணி நேரமாகியும் வராவிட்டால் முகாமில் இருப்பவர்கள் தேடிக்கொண்டு போகக் கூடாது. சிக்னல் கிடைக்கும் இடத்துக்குக் காரில் போய் 911 அழைக்க வேண்டும்.